பின்வரிசையை மறுத்தவர்: ஐடா பி. வெல்ஸ்

1913ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்கள் 3ஆம் நாள் அமெரிக்க நாட்டின் தலைநகரான வாசிங்டனில் பெண்கள் மாபெரும் பேரணி ஒன்றை நடத்தினர். உட்ரோ வில்சன் குடியரசுத் தலைவராகப் பதவியேற்பதற்கு முந்தைய நாள் அது. பெண்களுக்கும் வாக்குரிமை வேண்டும் என்பது அவர்தம் கோரிக்கை. ஐயாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாநில வாரியாக அணிவகுத்து நின்றனர். உரிமை கேட்டு வீதிக்கு வந்த அவ்வணிவகுப்பிலேயே, கறுப்பினப் பெண்கள் வெள்ளைப் பெண்களோடு கலவாமல் பின்னால் தனியே வரவேண்டும் என்றொரு கட்டளை பிறந்தது. அக்கட்டளைக்குப் பணிய மறுத்தவருள் முதன்மையானவர் ஐடா பெல் வெல்ஸ். ஆசிரியர், இதழாளர், இனக்கொடுமைக்கு எதிராகத் தனித்து நின்று போராடியவர் எனப் பல நிலைகளில் அறியப்பட்ட அவருடைய வாழ்க்கையில், அன்றைய மறுப்பு திடீரென முளைத்த ஒன்றன்று. அதன் வேர் முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே ஊன்றப்பட்டிருந்தது.

இளமை

ஐடா, மிசிசிப்பி மாநிலத்தின் ஹாலி ஸ்பிரிங்ஸ் என்னும் சிற்றூரில் 1862ஆம் ஆண்டு சூலைத் திங்கள் 16ஆம் நாள் பிறந்தார். தந்தை ஜேம்ஸ் வெல்ஸ் தச்சர். தாய் எலிசபெத் சமையல் தொழிலில் சிறந்தவர். இருவரும் அடிமைகள். ஆதலின் பிறந்த குழந்தையும் சட்டப்படி அடிமையே. உள்நாட்டுப் போர் முடிந்து அடிமை முறை ஒழிந்தபின் அக்குடும்பம் முதலில் நாடியது கல்வியை. பிள்ளைகள் பயின்ற பள்ளிக்கே தாயும் சென்று, அவர்களோடு அமர்ந்து எழுத்தறிந்தார். தந்தை தம் நண்பர்களோடு கூடியிருக்கும் வேளைகளில் சிறுமி ஐடா செய்தித்தாளை உரக்கப் படித்துக் காட்டுவார். பிற்காலத்து இதழாளரின் முதற்பயிற்சி அதுவே எனலாம்.

1878ஆம் ஆண்டு மஞ்சள் காய்ச்சல் அவ்வட்டாரத்தைச் சூறையாடியது. பெற்றோர் இருவரும் கைக்குழந்தையான தம்பி ஒருவனும் சில நாள்களுக்குள் அடுத்தடுத்து மாண்டனர். பாட்டியின் பண்ணையில் இருந்த ஐடாவுக்கு அப்போது வயது பதினாறு. பயணிகள் தொடர்வண்டி ஓடாமையால், அனைவரும் தடுத்தும் கேளாமல் சரக்குத் தொடர்வண்டியில் ஏறி வீடு வந்து சேர்ந்தார். எஞ்சிய தம்பி தங்கையர் ஐவரையும் வெவ்வேறு குடும்பங்களுக்குப் பகிர்ந்தளிப்பது எனத் தந்தையின் நண்பர்கள் முடிவு செய்திருந்தனர். ஐடா அதற்கு உடன்படவில்லை. தமக்கு ஒரு வேலை தேடித் தந்தால் போதும், குடும்பத்தைத் தாமே காப்பதாகக் கூறினார். வயதைக் கூட்டிச் சொல்லி நாட்டுப்புறப் பள்ளியொன்றில் ஆசிரியரானார். மாத ஊதியம் 25 டாலர். வார நாள்களில் பள்ளியூரில் தங்குவார். வார இறுதியில் கோவேறு கழுதை மீதேறி வீடு திரும்பித் துவைத்து, சமைத்து, பிள்ளைகளைப் பேணிவிட்டு மீண்டும் புறப்படுவார்.

பெண்கள் பெட்டியில் ஓர் இருக்கை

சில ஆண்டுகளில் டென்னசி மாநிலத்து மெம்பிஸ் நகர்ப்பகுதிக்குக் குடிபெயர்ந்து அங்கு ஆசிரியப்பணியைத் தொடர்ந்தார். பள்ளிக்குச் செல்லத் தொடர்வண்டியில் முதல்வகுப்புச் சீட்டு எடுத்து, பெண்களுக்கென ஒதுக்கப்பட்ட பெட்டியில் அமர்வது அவர் வழக்கம். ஒருநாள் நடத்துநர் அவரை எழுந்து, புகைபிடிப்போர் அமரும் முன்பெட்டிக்குச் செல்லுமாறு பணித்தார். ஐடா மறுத்தார். கையைப் பற்றி இழுத்த நடத்துநரை அவர் கடித்தே விட்டார். பின்னர் மூவர் சேர்ந்து அவரை இழுத்து வெளியேற்றினர். பெட்டியிலிருந்த வெள்ளைச் சீமாட்டிகளும் கனவான்களும் கைதட்டி மகிழ்ந்தனர். முன்பெட்டியில் அமர்வதைவிட இறங்கிவிடுவதே மேல் என ஐடா வழியிலேயே இறங்கிக்கொண்டார்.

இந்நிகழ்வைச் சற்று நின்று நோக்கவேண்டும். அப்பெட்டி பெண்களுக்கு உரியது. ஐடா ஒரு பெண். முறையான சீட்டும் அவர் கையில் இருந்தது. எனில் அவர் வெளியேற்றப்பட்டது ஏன்? பெண் என்னும் சொல்லுக்குள் வெள்ளை என்னும் அடைமொழி எழுதாமலே ஒட்டிக்கொண்டிருந்தது என்பதே விடை. பெண்மைக்குத் தரப்படும் மதிப்பு, பாதுகாப்பு, இருக்கை எல்லாம் அவ்வடைமொழிக்கு உரியனவாகவே இருந்தன. ஐடா தொடர்வண்டி நிறுவனத்தின் மீது வழக்குத் தொடுத்தார். 1884 டிசம்பரில் நீதிமன்றம் அவருக்கு 500 டாலர் இழப்பீடு வழங்கியது. 1887இல் மாநில உச்ச நீதிமன்றம் அத்தீர்ப்பை நீக்கி, வழக்குச் செலவையும் அவர் தலையிலேயே சுமத்தியது. சட்டம் தம் பக்கம் நிற்கும் என்று அவர் கொண்டிருந்த நம்பிக்கை அன்று ஆட்டம் கண்டது. ஆயினும் அவ்வழக்கைப் பற்றி எழுதத் தொடங்கியதே அவரை எழுத்துலகிற்குக் கொண்டுவந்தது. ஐயோலா என்னும் புனைபெயரில் அவர் எழுதிய கட்டுரைகள் கறுப்பின இதழ்கள் பலவற்றில் இடம்பெற்றன. 1889இல் மெம்பிஸில் வெளிவந்த இதழொன்றின் பங்குதாரரும் ஆசிரியருமானார். கறுப்பினப் பிள்ளைகளின் பள்ளிகள் எத்துணை இழிநிலையில் உள்ளன என்று அவ்விதழில் எழுதியதால் 1891இல் அவரது ஆசிரியர் வேலை பறிபோனது.

எழுத்தே படைக்கலன்

மெம்பிஸின் புறநகரில் தாமஸ் மாஸ் என்னும் அஞ்சற்காரர் தம் நண்பர்களோடு சேர்ந்து மக்கள் மளிகை என்ற பெயரில் கடை நடத்தி வந்தார். ஐடாவின் நெருங்கிய நண்பர் அவர். அவர் மகளுக்கு ஐடா ஞானத்தாய். கடை செழித்தது, எதிரே கடை வைத்திருந்த வெள்ளை வணிகருக்குப் பொறுக்கவில்லை. பூசல் மூண்டது. கைது செய்யப்பட்ட மாஸையும் நண்பர் இருவரையும் 1892 மார்ச்சு 9ஆம் நாள் ஒரு கும்பல் சிறையிலிருந்து இழுத்துச் சென்று சுட்டுக் கொன்றது.

இவ்வகைக் கும்பற்கொலைகள் அமெரிக்கத் தென்மாநிலங்களில் அன்று இயல்பாய் நிகழ்ந்தன. வெள்ளைப் பெண்ணின் மானத்தைக் காப்பதற்காகவே இவை நடைபெறுகின்றன என்பது அவற்றுக்குச் சொல்லப்பட்ட காரணம். வடமாநிலத்து நல்லோர் பலரும் அதனை நம்பினர். ஐடாவே ஓரளவு நம்பியிருந்தார். ஆனால் மாஸ் எந்தப் பெண்ணுக்கும் தீங்கிழைத்தவர் அல்லர். அவர் செய்த குற்றம் கடையை நன்றாக நடத்தியது. ஐடா ஆராயத் தொடங்கினார். கொலை நடந்த ஊர்களுக்கு நேரில் சென்றார், சாட்சிகளிடம் பேசினார், வெள்ளையர் நடத்திய செய்தித்தாள்களே வெளியிட்ட கணக்குகளைத் திரட்டினார். எட்டு ஆண்டுகளில் கொல்லப்பட்ட 728 பேருள் மூன்றில் ஒரு பங்கினர் மீதுகூடத்தான் பாலியல் குற்றச்சாட்டே சுமத்தப்பட்டிருந்தது. அக்குற்றச்சாட்டுகளும் மெய்ப்பிக்கப்பட்டவை அல்ல. எதிரியின் ஏட்டிலிருந்தே எதிரிக்கு எதிரான சான்றை எடுத்த இம்முறை, ஆய்வுநோக்கு இதழியலுக்கு இன்றும் பாடமாகும்.

அதற்கிடையில், நீதி கிடைக்காத ஊரில் வாழ வேண்டா என அவர் எழுதியதைக் கேட்டு ஆயிரக்கணக்கான கறுப்பின மக்கள் மெம்பிஸை விட்டு மேற்கே பெயர்ந்தனர். இருந்தோர் தெருவண்டியில் ஏறுவதை நிறுத்தினர். வருவாய் குறையவே, அந்நிறுவனத்தின் அலுவலர்கள் இதழ் அலுவலகத்துக்கே வந்து காரணம் கேட்டனர்! 1892 மே மாதத்தில், பெண்மானம் என்னும் சாக்கு பொய்யானது என அவர் தலையங்கம் எழுதினார். அவர் வெளியூர் சென்றிருந்த வேளையில் ஒரு கும்பல் அச்சகத்தை அழித்தது. திரும்பினால் உயிர் போகும் என்னும் எச்சரிக்கையும் வந்தது. அதன்பின் முப்பது ஆண்டுகள் அவர் தென்மாநிலங்களில் கால் வைக்கவில்லை. நியூயார்க்கில் தங்கி எழுதினார். 1892இல் தெற்கின் கொடுமைகளைப் பற்றிய சிறுநூலும், 1895இல் செங்குறிப்பேடு என்னும் பொருள்படும் விரிவான நூலும் வெளிவந்தன.

நட்பின் எல்லை

வெள்ளைப் பெண்ணின் பெயரால் கொலைகள் நிகழுமாயின், வெள்ளைப் பெண்கள் எழுந்து, எங்கள் பெயரால் இதைச் செய்யாதீர் என்று சொல்லியிருக்க வேண்டாவா? சிலர் சொன்னார்கள். பெரும்பாலோர் மௌனம் காத்தனர். மௌனத்தைவிடக் கொடியது ஒன்றும் நேர்ந்தது.

இங்கிலாந்தின் கேதரின் இம்பி என்னும் குவேக்கர் பெண்மணி 1888 முதல் ஓர் இதழ் நடத்தி வந்தார். சாதி எதிர்ப்பு என்று பொருள்படும் பெயர் அதற்கு. நம் நாட்டுப் பிரிவினையைக் குறிக்க ஐரோப்பியர் வழங்கிய சொல்லே நிற வேற்றுமையைக் குறிக்கவும் அவருக்குப் பயன்பட்டது என்பது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது. அவரும் ஸ்காட்லாந்து எழுத்தாளர் இசபெல்லா மேயோவும் அழைக்க, 1893இல் ஐடா பிரித்தானியா சென்று பல நகரங்களில் உரையாற்றினார். அப்பயணத்தின் நடுவிலேயே அழைத்த இருவரும் பிரிந்தனர். இலங்கையைச் சேர்ந்த இளைஞர் ஒருவர் மீது தமக்குள்ள அன்பை இம்பி மடல்வழி வெளிப்படுத்தியது தெரிந்து மேயோ கொதித்தெழுந்தார். இம்பியைக் கைவிடுமாறு ஐடாவை வற்புறுத்தினார். அன்பைத் தெரிவித்தது குற்றமாகாது எனக் கருதிய ஐடா மறுத்தார். மேயோவின் உதவி அத்தோடு நின்றது. நிற வேற்றுமையை எதிர்த்த நெஞ்சுக்குள்ளும் ஒரு கோடு இருந்ததை ஐடா கண்டுகொண்டார்.

1894இல் மீண்டும் பிரித்தானியா சென்றபோது சிகாகோவின் இன்டர் ஓசன் என்னும் வெள்ளையர் நாளிதழுக்குச் செய்தி மடல்கள் எழுதும் பொறுப்பும் அவருக்கு வாய்த்தது. அங்கே அவர் எதிர்கொண்டவர் பிரான்சிஸ் வில்லார்டு. மதுவிலக்குக்கும் பெண் வாக்குரிமைக்கும் உழைத்த கிறித்தவ மாதர் மதுவிலக்குச் சங்கத்தின் தலைவர். அக்கால அமெரிக்கப் பெண்களுள் பெரும்புகழ் பெற்றவர். அடிமை முறையை வெறுத்த குடும்பத்தில் வளர்ந்தவர். இத்தகையவர் 1890இல் அளித்த நேர்காணலில், கறுப்பின மக்கள் வெட்டுக்கிளிபோல் பெருகுகின்றனர் என்றும், அவர்களின் குடியால் பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் இல்லங்களுக்கும் தீங்கு சூழ்ந்துள்ளது என்றும் பொருள்படப் பேசியிருந்தார். தெற்கில் தம் சங்கம் வளரவேண்டும் என்ற ஆவல் அவரை அங்குக் கொண்டுசென்றது. கும்பற்கொலைக்கு வில்லார்டு எதிரானவரே என ஆங்கிலேயர் கூறியபோது, ஐடா அந்நேர்காணலை இங்கிலாந்தில் மறுபதிப்பாக வெளியிடச் செய்தார். வில்லார்டின் தோழியும் பிரித்தானிய மதுவிலக்கு இயக்கத் தலைவியுமான ஹென்றி சாமர்செட் சீமாட்டி அதனைத் தடுக்க முயன்றார், இயலவில்லை. அவ்வாண்டு இறுதியில் கிளீவ்லாந்தில் கூடிய சங்க மாநாட்டில், ஐடா வெள்ளைப் பெண்களை இழித்துரைப்பதாக வில்லார்டு குறைகூறினார். ஐடாவோ தம் நூலில் ஓர் இயலையே ஒதுக்கி, அவரவர் சொன்னவற்றைத் தேதியோடு அடுக்கி விடை தந்தார். வில்லார்டு கொடியவர் அல்லர். அவரைக் கொடியவராகக் காட்ட ஐடாவும் முயலவில்லை. நல்ல நோக்கம் கொண்டவர்களின் வசதியான மௌனத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள் என்பதே ஐடாவின் வினா.

சூசன் பி. ஆண்டனியுடன் கொண்ட உறவு வேறுவகையானது. பெண் வாக்குரிமை இயக்கத்தின் முதுபெருந்தலைவியான ஆண்டனி, ரோச்செஸ்டர் நகரிலிருந்த தம் இல்லத்தில் ஐடாவை விருந்தினராகத் தங்கவைத்தார். ஐடாவின் மடல்களை எழுதித் தருமாறு தம் சுருக்கெழுத்தாளரிடம் சொல்லிச் சென்றிருந்தார். கறுப்பினப் பெண் சொல்ல, தாம் எழுதுவதா என அப்பெண் மறுத்துவிட்டார். செய்தியறிந்த ஆண்டனி அந்த நொடியே அவரைப் பணியிலிருந்து நீக்கினார்.

அதே ஆண்டனி வேறொன்றையும் ஐடாவிடம் மறைக்காமல் கூறினார். பிரடரிக் டக்ளஸ் 1848இல் செனகா பால்சில் கூடிய முதல் பெண்ணுரிமை மாநாட்டில் வாக்குரிமைத் தீர்மானத்தை ஆதரித்துப் பேசிய கறுப்பினப் பெருந்தலைவர். 1895இல் வாக்குரிமைச் சங்கம் தெற்கிலுள்ள அட்லாண்டாவில் கூடியபோது, வெள்ளைப் பெண்கள் மனம் சுளிப்பர் என்று கருதி அவரை வரவேண்டா என ஆண்டனியே கேட்டுக்கொண்டாராம். கறுப்பினப் பெண்கள் சங்கக் கிளை தொடங்க வேண்டியபோதும் அதே காரணத்தால் உதவவில்லையாம். தாம் செய்தது தவறா என அவர் வினவினார். இயக்கத்துக்கு ஆதரவு திரட்டியிருக்கலாம். ஆயினும் தெற்கத்திப் பெண்களின் ஒதுக்கும் மனப்பான்மையை உறுதிப்படுத்தி விட்டீர்கள் என்னும் பொருள்பட ஐடா ஒளிவுமறைவின்றி விடையிறுத்தார். ஆண்டனிக்கு அப்போது எழுபத்தைந்து வயது, ஐடாவுக்கு முப்பத்திரண்டு. டக்ளசோ அவ்வாண்டு பிப்ரவரி 20ஆம் நாள், வாசிங்டனில் பெண்கள் மன்றக் கூட்டமொன்றில் கலந்துகொண்டு வீடு திரும்பிய மாலையில் உயிர் நீத்தார். மனக்குறை எதுவும் அவரைப் பெண்கள் இயக்கத்திலிருந்து விலக்கவில்லை.

சிகாகோவில்

1895 சூன் மாதத்தில் சிகாகோவின் வழக்கறிஞரும் இதழாளருமான பெர்டினாண்டு பார்னெட்டை ஐடா மணந்தார். தம் பெயரை விடாமல் கணவர் பெயரையும் சேர்த்துக்கொண்டார். அக்காலத்தில் அது புதுமை. நான்கு குழந்தைகள் பிறந்தனர். கைக்குழந்தையை ஏந்திக்கொண்டே கூட்டங்களுக்குச் சென்றார். மணமான பின் போராட்டம் தளர்ந்துவிட்டது என ஆண்டனி கடிந்துகொண்டது அவரை வருத்தியது. மணம் புரியாத ஆண்டனிக்குப் பின்னால் ஓர் இயக்கமே நின்றது. ஐடாவுக்குப் பின்னால் அவ்வாறு யாரும் இல்லை என்பதை நாம் மறந்துவிடலாகாது.

1913 சனவரியில், பெல் ஸ்குவயர், வர்ஜீனியா புரூக்ஸ் என்னும் வெள்ளைப் பெண்கள் இருவரின் துணையோடு, கறுப்பினப் பெண்களுக்காக ஆல்பா வாக்குரிமைச் சங்கத்தை அவர் தொடங்கினார். சில வாரங்களில் வாசிங்டன் பேரணிக்கான அழைப்பு வந்தது. இல்லினாய் மாநிலக் குழுவினர் அறுபதுக்கும் மேற்பட்டோர். ஐடாவும் அவர்களோடு சென்றார்.

பேரணிக்கு முன்னர் மண்டபமொன்றில் குழு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது, குழுத்தலைவி கிரேஸ் டிரௌட் செய்தியை அறிவித்தார். தென்மாநிலத்தார் உடன் நடக்க மறுப்பர்; ஆதலால் மாநிலக் குழுவில் வெள்ளையரே நடக்கவேண்டும், ஐடா பின்னால் வரும் கறுப்பினப் பிரிவில் சேரவேண்டும் என்பது தலைமையின் விருப்பம். வர்ஜீனியா புரூக்ஸ் எதிர்த்துப் பேசினார். டிரௌட் தயங்கினார், கலங்கினார், இறுதியில் தலைமையின் சொல்லுக்கே பணிந்தார். கண்ணீர் மல்க நின்ற ஐடா, இல்லினாய் மாநிலக் கொடியின்கீழ் அன்றி வேறெங்கும் நடப்பதில்லை எனத் தெளிவாகக் கூறிவிட்டு வெளியேறினார். அவர் பேரணியைத் துறந்துவிட்டதாகவே அனைவரும் எண்ணினர்.

பேரணி தொடங்கியது. இனெஸ் மில்ஹாலண்டு வெண்புரவி மீதமர்ந்து முன்செல்ல, பென்சில்வேனியா பெருவீதியில் அணிகள் நகர்ந்தன. இருமருங்கும் திரண்ட ஆண்கூட்டம் ஏசியது, தள்ளியது, சிலரைத் தாக்கியது. காவலர் வாளா இருந்தனர். நூறு பேரளவில் மருத்துவமனை சேர்ந்தனர். இல்லினாய் குழு வந்துகொண்டிருந்தபோது, பார்வையாளர் கூட்டத்திலிருந்து ஒரு பெண் அமைதியாக வெளிப்பட்டு, ஸ்குவயருக்கும் புரூக்சுக்கும் நடுவே சென்று சேர்ந்துகொண்டார். அவர் ஐடா. எவரும் தடுக்கவில்லை. மாநிலக் கொடியின்கீழ் அவர் இறுதிவரை நடந்தார். மூவரும் சேர்ந்து நடந்த காட்சியைச் சிகாகோ நாளிதழ் படமாக வெளியிட்டது.

அன்று மேரி சர்ச் டெரல் போன்ற தலைவர்களும் ஹோவர்டு பல்கலைக்கழக மாணவியரும் தம் பிரிவில் நடந்தனர். வேறு சில மாநிலக் குழுக்களில் கறுப்பினப் பெண்கள் தடையின்றி நடந்தனர். எனவே எல்லா வெள்ளைப் பெண்களும் ஒரே நோக்கினர் என்று கொள்வது பிழை. ஐடாவின் இருபுறமும் நடந்த இருவரும் வெள்ளைப் பெண்களே அன்றோ!

அவ்வாண்டே இல்லினாய் மாநிலம் குடியரசுத் தலைவர் தேர்தலிலும் நகராட்சித் தேர்தலிலும் பெண்கள் வாக்களிக்கச் சட்டம் இயற்றியது. ஆல்பா சங்கத்தார் தெருத்தெருவாகச் சென்று பெண்களின் பெயர்களைப் பதிவு செய்வித்தனர். வீட்டில் பிள்ளையைப் பார்க்கக்கூடாதா என ஆண்கள் எள்ளினர். பெண்கள் சோர்ந்து வந்தால் ஐடா மறுநாளும் அனுப்பிவைத்தார். 1915இல் ஆஸ்கார் டி பிரீஸ்டு சிகாகோ நகராட்சி மன்றத்தின் முதல் கறுப்பின உறுப்பினரானார். அவ்வெற்றியில் அப்பெண்களின் வாக்குகளுக்குப் பெரும்பங்கு உண்டு.

1920இல் அரசியலமைப்பின் 19ஆம் திருத்தம் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தது. வெள்ளைப் பெண்கள் வெற்றி விழா எடுத்தனர். தென்மாநிலக் கறுப்பினப் பெண்களோ வாக்குவரி, எழுத்தறிவுத் தேர்வு, அச்சுறுத்தல் ஆகியவற்றால் வாக்குச்சாவடிக்கு வெளியிலேயே நிறுத்தப்பட்டனர். அவர்களுக்கான கதவு முறையாகத் திறந்தது 1965ஆம் ஆண்டு வாக்குரிமைச் சட்டத்தால்தான்.

ஐடா 1930இல் இல்லினாய் மேலவைக்குப் போட்டியிட்டுத் தோற்றார். தம் வரலாற்றை எழுதிக்கொண்டிருக்கையிலேயே நோயுற்று, 1931 மார்ச்சு 25ஆம் நாள் சிகாகோவில் மறைந்தார். முற்றுப்பெறாத அவ்வெழுத்தை அவர் மகள் ஆல்பிரடா பதிப்பித்து 1970இல் வெளியிட்டார். 2020இல் புலிட்சர் குழு அவருடைய இதழியல் பணிக்குச் சிறப்புப் பாராட்டு வழங்கியது. கும்பற்கொலையைக் கூட்டாட்சிக் குற்றமாக்கும் சட்டம் 2022 மார்ச்சில் கையொப்பமானது. மெம்பிஸில் தாமஸ் மாஸ் கொல்லப்பட்டு அப்போது 130 ஆண்டுகள் ஆகியிருந்தன.